டர்போ பூட்டுமுன் எஞ்சின் காட்டும் குறைகள்: அறிகுறி வாரியாக

"அண்ணா, டர்போ எடுத்திட்டன். எப்ப பூட்டலாம்?"

கொழும்பில் தெமட்டகொடப் பக்கம் இருக்கும் எங்கள் கராஜுக்கு வரும் தம்பிமார் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய டர்போ, எங்கோ வெல்டிங் செய்வித்த எக்ஸோஸ்ட் மேனிஃபோல்ட், டர்போக் காற்றைக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலர் எல்லாம் டிக்கிக்குள் கிடக்கும். கார் எப்படி என்று கேட்டால், "காலையில கொஞ்சம் புகைக்கும், ஏசி போட்டா கொஞ்சம் சூடேறும், மற்றபடி நல்ல எஞ்சின்" என்பார்கள்.

அந்தக் "கொஞ்சம்" தான் பின்னால் எஞ்சினைத் தின்றுவிடுகிறது. இன்று கொஞ்சம் புகைக்கும் எஞ்சின், அரை பார் பூஸ்டில், அதாவது டர்போ அமுக்கித் தள்ளும் கூடுதல் காற்றழுத்தத்தில், ஒயிலை வெளியே தள்ளும். இன்று கொஞ்சம் சூடேறும் எஞ்சின், அதிவேக வீதியில் ஹெட் கேஸ்கட்டைக் கொடுத்துவிடும். எக்ஸோஸ்ட் புகையில் சுற்றும் டர்போவாக இருந்தாலும், எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜராக இருந்தாலும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் குறையைத்தான் அது முதலில் தேடிப் பிடிக்கும். ஆகவே வாங்கிய டர்போ சாமான்களை ஒரு மூலையில் வைத்துவிட்டு, உங்கள் கார் இன்று காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணத்தை முதலில் சொல்லியிருக்கிறேன். அதே வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

அறிகுறி: ஒயில் குறைகிறது, அல்லது நீலப் புகை வருகிறது

ஒயில் ஸ்டிக்கைத் துடைத்து அளவைக் குறித்து வைத்துவிட்டு 1000 கிலோமீற்றர் ஓடுங்கள். அரை லீற்றருக்கு மேல் குறைந்திருந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை இந்தத் தலைப்பை விட்டு நகர வேண்டாம்.

முதலில் வெளிக்கசிவு. டாப்பெட் கவர் கேஸ்கட், கிராங் சீல், ஒயில் ஃபில்டர் அடி. எஞ்சினைக் கழுவி, இரண்டு நாள் ஓடி, டோர்ச் அடித்துப் பாருங்கள். கழுவாமல் பார்த்தால் பழைய ஒயிலும் புதிய ஒயிலும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அடுத்தது பிசிவி வால்வு, எஞ்சினின் அடியில் சேரும் காற்றை வெளியே விடுவது. விரல் அளவு சாமான், விலையும் சொற்பம். கழற்றிக் குலுக்கினால் டக் டக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடைத்துவிட்டது, மாற்றிவிடுங்கள். இது அடைபட்டால் எஞ்சினின் அடிவயிற்றில் காற்றழுத்தம் கூடி, ஒயில் கண்ட இடத்தால் எல்லாம் வெளியே வரும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று பயந்து வந்த கார்கள் சில, இந்த ஒரு வால்வோடு திரும்பிப் போயிருக்கின்றன.

அதன் பிறகு, புகை எப்போது வருகிறது என்று பாருங்கள்.

*காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றுவிடுகிறது, அல்லது இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வருகிறது:* வால்வ் ஸ்டெம் சீல். ஹெட்டைக் கழற்றாமலே மாற்ற முடிந்த வேலை. ஆனால் அதற்குரிய கருவி வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும்.

*மிதிக்கும்போதெல்லாம் வருகிறது:* ரிங்கைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

கம்ப்ரெஷன் பார்க்கும் முறையில்தான் ஏராளமானோர் பிழை விடுகிறார்கள். எஞ்சின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும். பெற்றோல் பம்பின் ஃபியூஸ் வெளியே, கொயில்களின் கனெக்டர்களும் வெளியே. பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை ஒருவர் அடிவரை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று, ஆறோ ஏழோ. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவில் நான்கும் குறைவாகக் காட்ட, நல்ல எஞ்சினை இறக்கிப் பிரித்தவர்களும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு காரில் 190, 185, 188, 140 என்று வந்தது. அளவு பிஎஸ்ஐயில். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சினுக்கு நான் பூஸ்ட் கொடுப்பதில்லை. நாலாவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தோம். 180க்கு ஏறியது. ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாமல் அங்கேயே நின்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளக்கும் லீக் டவுன் கேஜ் இருந்தால் காதே சொல்லிவிடும். பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றை ஏற்றுங்கள். ஒயில் மூடி வழியாக உஸ் என்றால் ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வு. த்ரொட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல எஞ்சின். 20ஐத் தாண்டினால் டர்போப் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* ரிங் என்று உறுதியானால். இனி எஞ்சின் இறங்கும், லேத் கடைக்குப் போகும். வீட்டு முற்றத்தில் முடிகிற காரியம் இல்லை.

எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால்

இது அறிகுறி அல்ல, ஆனாலும் இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். எஞ்சினை ஒருமுறை பிரித்துப் பூட்டும் கூலி பெரிய கூலி. ஒரிஜினல் பிஸ்டனோடு ஓவர்ஹோல் செய்து, ஆறு மாதம் கழித்துப் பூஸ்டுக்காக மறுபடி பிரித்தால் அதே கூலி இரண்டு தடவை போகும். டர்போ போடும் எண்ணம் மனதில் இருந்தால் முடிவை இங்கேயே எடுங்கள்.

டொயோட்டா என்ன செய்தது என்று பாருங்கள். 4ஏ-ஜிஇ எஞ்சினுக்கு அவர்களே சூப்பர்சார்ஜர் போட்டு 4ஏ-ஜிஸெட்இ என்று வெளியிட்டபோது கம்ப்ரெஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் வரும் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) 8.0க்கு இறக்கினார்கள். பிறகு வந்ததில் 8.9. பிஸ்டனும் ஃபோர்ஜ்ட், அதாவது வார்க்காமல் அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன். எஞ்சினைச் செய்த கம்பெனியே இவ்வளவு கவனம் எடுத்திருக்கிறது. நம்மூரில் நிறைந்து கிடக்கும் கொரோலா 121இன் 1என்ஸெட் எஞ்சினின் விகிதம் 10.5. அதை அப்படியே வைத்துக்கொண்டு 0.7 பார் கேட்பவருக்கு நான் சொல்லும் பதில் "வேண்டாம்" என்பதுதான்.

வரிசை இது: ஃபோர்ஜ்ட் பிஸ்டன், விகிதம் 9க்குக் கிட்ட. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டும் ஃபோர்ஜ்ட். பல தகடு ஸ்டீல் ஹெட் கேஸ்கட். நீளாத நல்ல ஹெட் ஸ்டட்கள். புதிய பெயாரிங், புதிய ஒயில் பம்ப்.

பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் புளொக்கை லேத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண வேண்டும். "பிஸ்டன் கப்பலில வருது, நீங்க போரைப் போட்டு வையுங்க" என்று சொன்னால் நல்ல லேத்காரர் வேலையைத் தொடவே மாட்டார். தொடுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ரிங் வாயின் இடைவெளியும் பூஸ்டுக்குக் கூட வேண்டும். 75 மில்லிமீற்றர் போர் (சிலிண்டர் விட்டம்) உள்ள 1என்ஸெட்டுக்குச் சாதாரணக் கணக்கில் 0.30 மில்லிமீற்றர் என்றால், பூஸ்டில் 0.34 முதல் 0.38 வரை. சூட்டில் ரிங் நீளும். இடம் இல்லாவிட்டால் இரண்டு நுனியும் முட்டி, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அந்தத் தாள் சொல்வதுதான் சரி.

அறிகுறி: ஏற்றத்தில் மிதிக்கும்போது கிண் கிண் என்ற சத்தம்

தகர டப்பாவுக்குள் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். அதுதான் நொக், பெற்றோல் சிலிண்டருக்குள் ஒழுங்காக எரியாமல் வெடிப்பது. இங்கே காட்டும் அறிகுறிகளில் நான் ஆக அதிகமாகப் பயப்படுவது இதற்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு சிவிக். அந்தத் தம்பி முதல் நாளே சொன்னார்: "அண்ணா, கடுகண்ணாவை ஏத்தத்தில கொஞ்சம் கிண் கிண்ணெண்டு கேக்கும். 95 அடிச்சா போயிரும்." நானும் கேட்டேன், தலையாட்டினேன், வேலையைத் தொடங்கினேன். பூட்டி ஐந்தாவது வாரம் கார் கேரியரில் வந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைப் பீங்கானில் உப்புக் கல் போல மினுமினுவென்று புள்ளிகள். அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் தூக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மேடு நகக்கண் அளவுக்கு உடைந்து கையோடு வந்தது. அந்தத் துண்டு இன்றும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அந்தத் தம்பி முதல் நாள் சொன்ன வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது. நான்தான் அங்கேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது சோதனைகள்.

*எந்தப் பெற்றோல்?* 92 ஒக்டேன் அடிக்கிறவர் என்றால் டாங்கி வற்றும் வரை ஓடி, 95 நிரப்பி, அதே ஏற்றத்தில் பாருங்கள். சத்தம் போனால் மகிழ்ந்துவிட வேண்டாம். எஞ்சின் விளிம்பில் நிற்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். பூஸ்ட் வந்தால் 95க்கும் அதே விளிம்பு வந்துவிடும்.

*பிளக்:* சூட்டு எண் சரியா? என்ஜிகே, டென்சோ இரண்டிலுமே எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக். போலி பிளக்கும் கடைகளில் கலந்து கிடக்கிறது. எழுத்து மங்கலாக, பெட்டி அச்சுத் தெளிவில்லாமல் இருந்தால் விடுங்கள்.

*காபன்:* பிளக் துளைக்குள் சின்னக் கமெரா விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். நாளெல்லாம் பொரளைச் சந்தியிலும் காலி வீதியிலும் ஊர்ந்த காரில் கரித்தட்டு தடிப்பாகப் படிந்திருக்கும். அதுவே கம்ப்ரெஷனையும் கூட்டும், கனன்று முன்கூட்டியே எரியவும் வைக்கும். அதைச் சுத்தம் செய்யுங்கள்.

*எஞ்சின் சூடு:* நீர்ச் சூடு கூடினால் நொக்கும் கூடும். கீழே சூட்டுத் தலைப்பைப் பாருங்கள்.

*நொக் சென்சர்:* ஸ்கேனரில் கோட் இருக்கிறதா? சென்சரைப் பிடித்திருக்கும் நட்டை அளவு பார்த்து இறுக்கியிருக்கிறார்களா?

இவ்வளவும் சரியாக இருந்தும் சத்தம் வருகிறதா? காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவை வைட்பேண்ட் மீற்றர் போட்டுப் பார்க்கும் நேரம் இது. முழு மிதியில், எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 13 பங்குக்கு மேல் காட்டினால் பெற்றோல் போதவில்லை. பூஸ்ட் போட்ட பிறகு அந்த இடத்தில் 11.5க்கும் 12க்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

"சிவிக் 1.5 டர்போவின் விகிதம் 10.6 ஆச்சே, அது ஓடுதே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த எஞ்சினில் பெற்றோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஆவியாகும்போதே உள்ளிருக்கும் காற்றைக் குளிரவைக்கிறது. முதல் நாளிலிருந்தே டர்போவுக்கென்று வார்த்த பிஸ்டன், டர்போவுக்கென்று எழுதிய கம்பியூட்டர். உங்கள் பழைய எஞ்சினில் இன்ஜெக்டர், காற்று உள்ளே வரும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிறது. விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டையும் ஒன்றாக எண்ண முடியாது.

இன்டர்கூலர் இல்லாமல் "குறைந்த பூஸ்ட் தானே" என்று ஓடுவதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கொழும்பில் மத்தியானம் 32 பாகைக் காற்றை வெறும் அரை பார் அமுக்கினாலே, சுமாரான டர்போவிலிருந்து அது 90 பாகைக்குக் கிட்டப் போய்த்தான் வெளியே வரும். குளிர்நாட்டு வீடியோவில் பார்த்த கணக்கு இந்த ஊருக்குச் சரிவராது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* 95 போட்டு, புதிய பிளக் போட்டு, காபனும் எடுத்த பிறகும் சத்தம் கேட்டால். காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோ உள்ள ட்யூனரிடம் (எஞ்சின் கம்பியூட்டரைச் சரிப்படுத்துபவரிடம்) போங்கள். வீதியில் மிதித்து மிதித்துப் பரிசோதிக்கக் கூடாது. ஒவ்வொரு கிண்ணும் பிஸ்டனில் விழும் சுத்தியல் அடி.

அறிகுறி: சூடு ஏறுகிறது

*நெரிசலில் மட்டும் ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது:* ஃபேன். ரிலே, ஃபியூஸ், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏசி போட்டதும் இரண்டாவது ஃபேனும் சுற்ற வேண்டும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குப்பை அடைத்திருக்கும். மரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் ரேடியேட்டர் தகடுகள் உப்பில் அரித்து, விரலால் தொட்டாலே தூளாகக் கொட்டும். அதற்கு மாற்று ரேடியேட்டர்தான்.

*நெரிசலில் நன்றாக இருக்கிறது, கொட்டாவையில் அதிவேக வீதியில் ஏறி 100இல் ஓடும்போது ஏறுகிறது:* தண்ணீர் ஓட்டம் போதவில்லை. தேர்மோஸ்டட், ரேடியேட்டரின் உள் அடைப்பு, கடைசியாக வாட்டர் பம்ப். சிலர் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். பூஸ்ட் எஞ்சினுக்கு அது கட்டாயம் வேண்டும், திரும்பப் பூட்டுங்கள்.

*தண்ணீர் குறைகிறது, ஆனால் கசிவு எங்கும் இல்லை:* முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள், ஆக மலிவு. பிறகு புளொக் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால், சிலிண்டருக்குள் எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது. கேஸ்கட், அல்லது ஹெட் வளைந்திருக்கிறது.

கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. மூடியைத் திறந்ததும் செங்கல் நிறத்தில் தண்ணீர் தெரிந்தால், டர்போவுக்கு ஒதுக்கிய காசில் முதல் பங்கை ரேடியேட்டருக்கு எடுத்து வையுங்கள். டர்போவின் நடுப்பகுதிக்கே நீர்க் குழாய் போகும் மொடல்கள் உண்டு. துரு அந்தச் சின்ன வழியை எளிதில் அடைத்துவிடும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* நீலம் மஞ்சளானால். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் நேர்கட்டை வைத்துப் பார்த்து, முகம் வெட்டிப் பூட்டும் வேலை அது.

அறிகுறி: உயர் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுகிறது

இரண்டாவது கியரில் நன்றாக இழுத்து, 5000 தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல நிற்கும். எயர் ஃபில்டர், பிறகு பெற்றோல் ஃபில்டர். புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கன்வேட்டர் அடைத்தாலும் இதே வேலையைச் செய்யும். சைலன்சர் வாயில் கை வைத்துப் பாருங்கள். ரேஸ் பண்ணும்போது காற்று வலுவாகத் தள்ள வேண்டும்.

அது சரியென்றால் பெற்றோல் அழுத்தம். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் ரெயில் குழாயில் கேஜ் போட்டு, முழு மிதியில், லோடில் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் நல்ல அழுத்தம் காட்டி, ஏற்றத்தில் விழும் பம்ப்கள் நிறைய. பம்பின் வயரில் வோல்ட்டும் அளங்கள். ஓல்டர்னேட்டரில் 14 இருக்க, பம்பில் 12 மட்டும் வந்தால் பழைய வயரும் ரிலேயும்தான் குற்றவாளி. பம்பை மாற்றிப் பயனில்லை.

இனித் திட்டம். பல டொயோட்டாக்களில் பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டாங்கிக்குள்ளேயே இருக்கும், பெற்றோல் திரும்பிப் போகக் குழாய் கிடையாது. அழுத்தம் 3.2 பார் அளவில் ஒரே நிலையில் நிற்கும். மேனிஃபோல்டில் 0.5 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளினால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.7. அதாவது காற்று ஒன்றரை மடங்காகும் அதே நேரத்தில், பெற்றோல் முன்பைவிட 8 சதவீதம் குறைவாக விழும். இதனால்தான் "ஸ்டொக் இன்ஜெக்டரோட ஓடிப் பாப்பம்" என்கிற பேச்சுக்கே நான் இடம் கொடுப்பதில்லை.

இன்ஜெக்டர் அளவை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 180 குதிரைவலு வேண்டும் என்று வையுங்கள். டர்போ எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்குச் சுமார் 0.6 இறாத்தல் பெற்றோல் குடிக்கும். மொத்தம் 108 இறாத்தல். நான்கு இன்ஜெக்டர், ஒவ்வொன்றும் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. நான்கை 0.8ஆல் பெருக்கினால் 3.2, 108ஐ அதால் வகுத்தால் 33.75. அதைச் சிசிக்கு மாற்ற 10.5ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 354 சிசி. கடையில் 440 சிசி கிடைத்தால் அதை எடுங்கள், மிச்சம் இருப்பது நல்லது. 1500 சிசி குடும்பக் காரோடு வந்த இன்ஜெக்டர்கள் இதைவிட எவ்வளவோ சிறியவை. மணிக்கு 255 லீற்றர் பம்ப் இதற்குத் தாராளம். ஆனால் அந்தப் பெயரில் போலிகள் மலிந்திருப்பதால், பூட்டிய பிறகும் அழுத்தத்தை அளந்தே நம்புங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* டாங்கியைத் திறக்கும் வேலை, குழாய் இணைக்கும் வேலை எல்லாமே. பெற்றோல் ஆவியோடு வீட்டு போர்ட்டிகோவில் விளையாட வேண்டாம்.

அறிகுறி: மிதிக்கும்போது விக்கல்

கொயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றுங்கள். விக்கல் கொயிலோடு போனால் கொயில், போகாவிட்டால் பிளக் அல்லது இன்ஜெக்டர். பூஸ்ட் காற்று அழுத்தமானது, தீப்பொறியை அணைத்துவிடும். சாதாரணமாக 1.1 மில்லிமீற்றர் இருக்கும் பிளக் இடைவெளியை 0.7, 0.8க்கு இறக்க வேண்டும், சூட்டிலும் ஒரு எண் குளிர்ந்தது போட வேண்டும். இன்று பூஸ்ட் இல்லாமலே விக்குகிற கொயில் நாளைக்கு நிச்சயம் காலை வாரும், நான்கையும் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஆர்பிஎம் ஏறுகிறது, கார் போகவில்லை

மனுவல் என்றால் கிளச். நாலாவது கியரில் மெல்ல ஓடி, சடாரென்று அடிவரை மிதியுங்கள். முள் மட்டும் தாவினால் கிளச் முடிந்தது. கிளச் தட்டு போடும்போதே கொஞ்சம் வலுவானதாகப் போடுங்கள். கிராங்கின் பின்பக்கச் சீலையும் அதே கையோடு மாற்றுங்கள், அதற்காக மறுபடி கியர் பெட்டியை இறக்கக் கூடாது.

சிவிடி கியர் பெட்டி (பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடுவது) உள்ள கார், ஹைப்ரிட் கார் இரண்டுக்கும் டர்போ பூட்டித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. சிவிடி பெல்ட் தாங்கும் முறுக்குவிசை அந்தக் காருக்கென்று அளந்து வைத்தது. ஆசை மிகுந்தால், டர்போவோடேயே ஜப்பானில் பிறந்த ஒரு காரை வாங்குவது மலிவாக முடியும்.

பூட்டிய பிறகு வருபவை

*சைலன்சரில் நீலப் புகை, டர்போ புதிதே:* டர்போவைக் குறை சொல்லுமுன் ஒயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். அது தடிப்பாக, மடிப்பு இல்லாமல், நேரே கீழ்நோக்கி, சட்டிக்குள் ஒயில் நிற்கும் மட்டத்துக்கு மேலே போய் இறங்க வேண்டும். ஒயில் டர்போவிலிருந்து தன் பாரத்திலேயே இறங்குகிறது, பம்ப் எதுவும் அதைத் தள்ளுவதில்லை. தேங்கினால் சீல் வழியாகத்தான் வெளியே வரும். அடுத்து மறுபடியும் அந்தப் பிசிவி வால்வு. பூஸ்ட் அதன் வழியாக எஞ்சினுக்குள் ஏறினால் ஒயில் ஸ்டிக்கே வெளியே தள்ளப்படும்.

*பூஸ்ட் வரவில்லை:* பத்தில் ஒன்பது தடவை ஒரு ஹோஸ் கழன்றிருக்கும், ஒரு கிளிப் தளர்ந்திருக்கும். சவர்க்கார நுரை தடவிக் காற்று ஏற்றினால் குமிழி காட்டும். அதன் பிறகு வேஸ்ட்கேட், மிஞ்சும் எக்ஸோஸ்ட் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பும் கதவு. டர்போவின் தண்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பது கடைசி. பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கலாம், முன்பின் ஆட்டம் இருக்கக் கூடாது, சிறகு சுவரில் முட்டவே கூடாது.

*சூப்பர்சார்ஜர், உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் விழுகிறது:* பெல்ட் வழுக்குகிறது. புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும். டென்ஷனர், பிறகு புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமனே இறுக்கிக்கொண்டே போனால் கிராங் முன் பெயாரிங்கில் போய் முடியும்.

*பூஸ்ட் ஏறியதும் எஞ்சின் வெட்டுகிறது, செக் லைட் எரிகிறது:* மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் ஒரிஜினல் மெப் சென்சர், வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சற்று மேல் வரைதான் அளக்கும், அதற்கு மேல் குருடு. 2 அல்லது 3 பார் சென்சரும், அதைப் புரிந்துகொள்ளும் கம்பியூட்டரும் வேண்டும். இது ட்யூனர் வேலை, நேரே அங்கே போங்கள்.

கடதாசி வேலை

எஞ்சினையே மாற்றினால் எஞ்சின் இலக்கம் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவில் ஏற வேண்டும். டர்போ மட்டும் என்றாலும் அங்கே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். காப்புறுதிக் கம்பெனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய காருக்கு விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் வருடாவருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது, கட்டலிட்டிக் கன்வேட்டரை வெட்டி எறிந்த கார் அதில் தேறாமல் போகலாம்.

முதல் 500 கிலோமீற்றர்

எல்லா அறிகுறிகளும் தீர்ந்து, பூட்டியாகிவிட்டது என்றால், 0.4 பாரில் தொடங்குங்கள். அது 6 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு. வைட்பேண்ட் மீற்றர் கண்ணுக்கு நேரே இருக்கட்டும். ஓடிவந்ததும் சாவியை உடனே திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐட்லில் விடுங்கள். முதல் ஒயிலை 500இல் மாற்றுங்கள், ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுக்கம் இருக்கக் கூடாது. மேனிஃபோல்ட் நட்டுகள் சூட்டில் தளரும், ஒரு சுற்று இறுக்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிப் பீங்கானில் அந்த உப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். பிளக் கழன்று கிடக்கும் அதே நேரத்தில் கம்ப்ரெஷன் கேஜை மறுபடி போட்டு, டர்போ பூட்டுமுன் எழுதி வைத்த நான்கு எண்களுக்கும் பக்கத்தில் புதிய நான்கு எண்களையும் எழுதுங்கள். இரண்டு வரிசையும் ஒத்துப்போனால் 0.5ஐப் பற்றி ட்யூனரிடம் பேசலாம்.